ஈத்தூண்டிற் கயிறும் அதன் பழுதுநீக்கமும்

நுவரெலியாவைச் சூழ்ந்த குளிர்ந்த ஓடைகளிலும், ஹோட்டன் சமவெளியில் ஊறிப் பாயும் நீரோட்டங்களிலும் ட்ரவுட் என்னும் மீன் வாழ்கின்றது. இம்மீன் இலங்கைக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த ஆங்கிலேயர் இதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஓடைகளில் விட்டனர். மீனோடு அதனைப் பிடிக்கும் முறையும் வந்தது. புழுவைக் கோத்து நீரில் அமிழ்த்திவிட்டுக் காத்திருக்கும் முறையன்று அது. இறகும் நூலும் கொண்டு கட்டப்பட்ட பொய் ஈ ஒன்றை, மெய்யான ஈ வந்து அமர்வதுபோல நீர்மேல் மெல்ல இறக்கும் முறை. அதற்குரிய கருவிகளுள் பார்ப்பவர் கண்ணிற் படுவது நீண்டு வளையும் கோல். வியந்து பேசப்படுவது நுணுக்கமாகக் கட்டப்பட்ட ஈ. ஆயினும் அத்தொழில் முழுவதும் தங்கியிருப்பது இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் கயிற்றிலேயாம். அக்கயிறு பழுதுற்றால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இக்கயிறு ஏனைய தூண்டில் நூல்களினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சிறு கல்லொன்றை நூலிற் கட்டி எறிந்தால், கல் முன்னே பறக்க, நூல் அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். கல்லை அகற்றி, அதனிடத்தில் ஓர் இறகைக் கட்டி எறிந்தால், அவ்விறகு எறிந்தவரின் காலடியிலேயே விழும். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ, பாரமான இரையோ கல்லின் வேலையைச் செய்கின்றது. பொய் ஈயோ இறகினும் பாரமுடையதன்று. ஆதலின் இம்முறையில் எறிவதற்கு வேண்டிய பாரத்தைக் கயிற்றினுள்ளேயே அமைத்தனர். வண்டிக்காரன் சாட்டையைச் சுழற்றும்போது கைப்பிடியிற் பிறந்த வேகம் அலையாக ஓடி நுனியைச் சேர்வதை நேயர்கள் கண்டிருப்பர். அவ்வாறே கோலை வீசுங்கால், கயிறு ஒரு வளைவாகப் புரண்டு புரண்டு காற்றில் விரிந்து, கடைசியில் ஈயை நீர்மேல் வைக்கின்றது. கயிற்றின் உடலில் ஓரிடம் விறைத்தாலும், ஓரிடம் மடிந்தாலும், அந்த அலை அவ்விடத்தில் இடறும். பழுதுநீக்கத்தின் அருமை இதனாலேயே தோன்றுகின்றது. வலை பொத்தும் கைக்கு அறுந்த கண்ணை மீண்டும் முடிந்துவிட்டாற் போதும். இக்கயிற்றுக்கோ வலுவும் வேண்டும், வளைவும் வேண்டும், வழுவழுப்பும் வேண்டும்.

பண்டைக் காலத்தில் இக்கயிறு குதிரை வாலின் மயிரால் ஆக்கப்பட்டது. 1496 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட தூண்டில் நூலொன்று, மயிரைத் தெரிந்தெடுத்துச் சாயமிட்டு முறுக்கும் வகையை விரித்துரைக்கின்றது. 1653 ஆம் ஆண்டில் ஐசாக் வால்ற்றன் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்ட காலத்தும் மயிர்க்கயிறே வழக்கிலிருந்தது. பின்னர்ப் பட்டுநூலைப் பின்னி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து உலர்த்திய கயிறுகள் வந்தன. அவை மெல்லியனவாயும் நுண்ணிதாகக் கூம்பியனவாயும் இருந்தன. எனினும் ஒவ்வொரு மாலையும் அவற்றைச் சுருளிலிருந்து கழற்றிக் காற்றாட உலர்த்துதல் வேண்டும். மறுநாட் காலையில் கொழுப்புத் தடவுதல் வேண்டும். ஈரத்தோடு சுற்றிவைத்த பட்டுக்கயிறு உள்ளே இற்றுப்போகும். 1938 ஆம் ஆண்டில் நைலோன் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நைலோன் பின்னலைச் சுற்றிப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைப் பூசிய கயிறுகள் அமெரிக்காவில் உருவாகி எங்கும் பரவின. உலர்த்தும் தொல்லை ஒழிந்தது. ஆனால் பழுதின் இயல்பும், அதனை நீக்கும் வகையும் முற்றும் மாறிவிட்டன.

இக்காலத்துக் கயிறு ஏறத்தாழ 25 முதல் 30 மீற்றர் வரை நீளமுடையது. அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை அண்டியே இருக்கும். எனினும் எங்கணும் ஒரே அளவினதன்று. மீனை நோக்கிய நுனி மெலிந்து, சிறிது தூரம் சென்றபின் பருத்து, பின்னர் மீண்டும் மெலிந்து செல்லும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரு பகுதிகள் புலப்படும். நடுவில் இருப்பது நைலோன் முதலிய இழைகளாலான அகணி. அதனைச் சூழ்ந்திருப்பது பி.வி.சி. அல்லது பொலியூரத்தேன் என்னும் பிளாஸ்டிக்காலான தோல். மிதக்கும் கயிறுகள் பலவற்றின் தோலினுள் கண்ணுக்குப் புலனாகாத கண்ணாடிக் குமிழ்கள் கலக்கப்பட்டுள்ளன. அமிழும் கயிறுகளில் தங்குதன் என்னும் பாரமான உலோகத்தின் தூள் கலக்கப்படும். கயிறுகள் பாரத்தினால் எண்ணிடப்படுகின்றன. முதல் 30 அடியின் நிறை 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம் உடையது ஐந்தாம் எண். 160 கிரெயின் உடையது ஆறாம் எண். எனவே, தோல் தருவது உருவமும் பாரமும் மிதப்பும். அகணி தருவது வலு. உடலில் தோலுக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. தோலிற் காயமா, எலும்பில் முறிவா என்று அறியாமல் மருந்திடும் வைத்தியன் இல்லை. கயிற்றைப் பழுதுபார்ப்பவருக்கும் அதுவே முதல் வினாவாகும்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பருத்த கயிற்றின் நுனியில் ஈயை நேரே கட்டுவதில்லை. கயிற்றோடு முதலில் இரண்டு மூன்று மீற்றர் நீளமான தங்கூசி இழை இணைக்கப்படும். அது படிப்படியாக மெலிந்து ஈயைச் சேரும். ட்ரவுட் பிடிக்கும் நுனியிழையின் தடிப்புச் சில வேளைகளில் 0.15 மில்லிமீற்றரே. அது தாங்கும் இழுவை ஏறத்தாழ 2 கிலோகிராம். கயிற்றின் அகணியோ ஏறத்தாழ 9 கிலோகிராம் அல்லது அதற்கு மேலும் தாங்கவல்லது. இவ்வேறுபாடு தற்செயலாக ஏற்பட்டதன்று. பெருமீன் ஒன்று வலிந்து இழுக்கும்போது ஏதேனும் ஒன்று அறவேண்டுமாயின், அது ஈயின் அருகே உள்ள மெல்லிய இழையாகவே இருத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அப்போது மீன் சிறு கொக்கியோடும் சாண் அளவு இழையோடும் தப்பிச் செல்லும். மாறாகக் கயிற்றின் நடுவிலுள்ள தீய பொருத்து அறுமாயின், அம்மீன் பல மீற்றர் கயிற்றை இழுத்துக்கொண்டே நீந்தும். கயிறு கல்லிலோ வேரிலோ சிக்கிக்கொள்ள, மீன் இரைதேட இயலாது கட்டுண்டு சாகும். ஆதலின் பொருத்து வலிதாய் இருத்தல் வேண்டுமென்பது பிடிப்பவரின் நலத்தை மட்டும் கருதியதன்று.

கயிறு எவ்வாறு பழுதுறுகின்றது? காலணியால் மிதித்தல், கூரிய பாறையில் உராய்தல், சுருள் உருளைக்கும் அதன் சட்டத்திற்கும் இடையில் நெரிபடுதல் ஆகியன வெளிப்படையான காரணங்கள். விழுந்த முடிச்சைப் பொறுமையின்றி இழுத்து இறுக்குதலால் தோல் வெடிக்கும். தங்கூசி கட்டப்பட்ட இடத்தில் கயிறு ஓயாது மடிந்து நிமிர்வதால் அங்கே பிளவு தோன்றும். மறைவான காரணங்களும் உள. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதனை மென்மையாக்கும் நெய்மப் பொருள் ஒன்று அதனுடன் கலக்கப்படுகின்றது. வெயிலிலும் வெப்பத்திலும் நெடுங்காலம் கிடந்தால் அந்நெய்மம் சிறிது சிறிதாக வெளியேற, தோல் உலர்ந்து வெடிக்கும். பெற்றோலும் கரைப்பான்களும் தோலை இளக்கிவிடும். நுளம்புக் கடியைத் தடுக்க உடலிற் பூசும் மருந்துகள் பலவற்றிலுள்ள டீற் என்னும் இரசாயனப் பொருளும் பிளாஸ்டிக்கைத் தாக்கவல்லது. அம்மருந்து பூசிய கையைக் கழுவாது கயிற்றைத் தொட்டவர், பழுதின் காரணத்தைத் தம் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு கயிற்றை நொந்துகொள்வர்.

பழுதென எண்ணப்படும் பலவும் உண்மையில் அழுக்கே என்பதையும் கூறுதல் வேண்டும். மிதக்க வேண்டிய கயிறு அமிழ்வதும், வளையங்களின் ஊடே ஓடாது தடைப்படுவதும், பாசியும் நுண்மணலும் படிந்ததனால் நிகழலாம். அதற்கு மருந்து இளவெந்நீரும் மென்மையான சவர்க்காரமுமே. கயிற்றைப் பாத்திரத்தில் அகன்ற வளையங்களாக இட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியை மடித்து அதனூடே இழுத்தால், துணியிற் கருநிறக் கோடு படியும். கோடு படியாதவரையில் இழுத்து, தூய நீரில் அலசி உலர்த்துதல் போதும். கடுமையான சலவைத் தூள் கூடாது. அது தோலின் நெய்மத்தை அகற்றும். சுருளிற் கிடந்து வளைய வளையமாக நிற்கும் கயிறும் பழுதன்று. இருவர் இரு முனையிலும் பிடித்து மெல்ல இழுத்துச் சிறிது நேரம் நிறுத்தினால் அது நேராகும். பழுதல்லாததைப் பழுதுபார்க்கப் புகுந்து, நல்ல கயிற்றைக் கெடுத்தவர் பலர்.

அழுக்கு நீங்கியபின் ஆராய்ச்சி தொடங்கலாம். நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கயிற்றைச் சாண் சாணாக இழுத்துப் பார்க்க வேண்டும். கண் காணாத பிளவை நகம் உணரும். ஐயம் எழுந்த இடத்தைச் சற்று வளைத்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் பிளவு வாய் திறந்து காட்டும். பிளவினூடே வெண்ணிற இழைகள் தோன்றுமாயின் அகணி வெளிப்பட்டுவிட்டது. அவ்விழைகள் ஒழுங்காகக் கிடக்கின்றனவா, ஒன்றிரண்டு அறுந்து பூத்து நிற்கின்றனவா என்பதைப் பார்த்தல் வேண்டும். பின்னர் அவ்விடத்தின் இருபுறமும் கயிற்றைத் துணியாற் சுற்றிப் பிடித்து, திடுக்கென வெட்டியிழுக்காமல், சீராக வலுவைக் கூட்டி இழுக்க வேண்டும். அகணி தாங்கினால் காயம் தோலோடு நின்றது. இழைகள் நெகிழ்ந்து நீண்டாலோ, அற்றாலோ எலும்பு முறிந்தது என்று கொள்ளலாம். அறுவதாயின் அறையில் அறுவது நன்று; ஆற்றில் அறுவதே தீது. தோற்காயத்தையும் அலட்சியம் செய்தலாகாது. வெளிப்பட்ட அகணி, விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் நீரை உறிஞ்சும். மிதக்க வேண்டிய நுனி அதனால் அமிழ, ஈயும் உடன் அமிழும்.

காயம் கயிற்றின் முன்னுனியில், ஒரு சாணுக்குள் இருக்குமாயின், அதனை ஒட்ட முயல்வது வீண். அவ்வளவையும் நறுக்கி எறிந்துவிட்டு, புதிய கண்ணி அமைத்தலே நேர்வழி. கூம்பிய நுனியிற் சிறிது குறைவதால் கயிறு நீர்மேல் இறங்கும் மென்மை மிகச் சிறிதே குறையும். ஆனால் இவ்வாறு ஆண்டுதோறும் நறுக்கிக்கொண்டே வருவோர், மெலிந்த பகுதி முழுவதையும் இழந்து, பருத்த பகுதியே நீரில் மொத்தென விழுந்து மீனை வெருட்டக் காண்பர். நறுக்குதலுக்கும் எல்லை உண்டு.

காயம் நடுப்பகுதியில் இருந்து, அகணி உறுதியாயிருப்பின், பிளவை மூடினாற் போதும். அவ்விடத்தை நன்கு துடைத்து, ஓர் இரவு முழுவதும் உலரவிட வேண்டும். உள்ளே நீர் இருக்க மேலே பூசினால் பூச்சு உரிந்துபோகும். உலர்ந்தபின்னும் வளையுந்தன்மை நீங்காத யூரத்தேன் பசையோ, ஊதாக்கடந்த ஒளிபட்டு இறுகும் நெகிழ்வான பிசினோ இதற்கு ஏற்றது. ஊசி நுனியால் ஒரு துளியைப் பிளவினுள் செலுத்தி, ஈரமான விரலால் அல்லது மெழுகுத் தாளால் உருட்டினால், பசை மெல்லிய உறைபோற் படியும். ஒரே தடவையிற் கனமாகப் பூசுவதிலும், மெல்லிதாக இருமுறை பூசுவது மேலானது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சூப்பர் குளூ என்னும் உடனொட்டும் பசையை இங்கு நாடுவோர் பலர். அது விரைவில் ஒட்டும். ஆயின் கண்ணாடிபோல் விறைத்துவிடும். விறைத்த பகுதி வளையாது. அதன் இரு கரையிலுமே மடிப்பு முழுவதும் விழும். சில நாட்களில் ஒரு பிளவிருந்த இடத்தில் இரு பிளவுகள் தோன்றும்.

தோல் நீளமாக வெடித்திருப்பின் வேறொரு வழி உண்டு. மின்கம்பிப் பொருத்துகளை மூட மின்தொழிலாளர் பயன்படுத்தும், வெப்பத்தாற் சுருங்கும் குழாயை நேயர்கள் அறிவர். அதில் ஒளி ஊடுருவும் வகையைத் தெரிந்து, ஒரு துண்டைக் கயிற்றின் நுனிவழியே ஏற்றிக் காயத்தின்மேல் நிறுத்த வேண்டும். வெப்பக் காற்றை மெல்லச் செலுத்தினால், குழாய் சுருங்கித் தோலை இறுக்கும். அதேவேளை உள்ளே பிளாஸ்டிக் இளகி, பிளவுகள் ஒன்றோடொன்று கலக்கும். முற்றாக ஆறியபின் குழாயைச் சவர அலகால் கவனமாகக் கீறி உரித்தெடுத்தால், உள்ளே தோல் ஒரே உடலாய் வழுவழுப்பாய்த் தோன்றும். இது ஒட்டுதலன்று, உருக்கிணைத்தல்; பசையொன்றும் சேராமையால் விறைப்பும் சேராது. இதன் இரகசியம் வெப்பத்தின் அளவில் உள்ளது. பி.வி.சி. இளகும் வெப்பத்திலும் நைலோன் உருகும் வெப்பம் மிக உயர்ந்தது. அது 200 பாகை சென்ரிகிறேட்டைக் கடந்தது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே வேலை நடைபெற வேண்டும். பதற்றத்தாற் சூடு மிகுந்தால், தோல் அழகாகக் கூடியிருக்க, உள்ளே அகணி வலுவிழந்திருக்கும். வெளியே காணாத இத்தீங்கே மிகக் கொடியது. புகை எழுந்தால் அளவு கடந்ததென்று அறிக, பி.வி.சி. கருகும்போது எழும் புகை மூச்சுக்கும் தீங்கானது. சாளரத்தைத் திறந்துவைத்து, நறுக்கி எறிந்த பழந்துண்டொன்றில் கைபழகிய பின்னரே நல்ல கயிற்றைத் தொடுதல் வேண்டும்.

இனி அகணியே அறுந்த கயிற்றைப் பார்க்கலாம். இரு முனைகளையும் முடிச்சிட்டு இணைப்பது எல்லோர்க்கும் தோன்றும் வழி. ஆனால் அம்முடிச்சு கோலின் வளையத்தில் இடறும்; மீன் விரைந்து ஓடும் வேளையில் அங்கே சிக்கிக்கொண்டால் கணத்தில் எல்லாம் முடிந்துவிடும். தேர்ந்தவர்கள் கையாளும் முறைகள் இரண்டு. முதலாவது, இரு முனைகளிலும் மூன்று சென்ரிமீற்றர் அளவு தோலை நீக்கி அகணிகளைக் கலத்தல். பி.வி.சி. தோலாயின், நகப்பூச்சை நீக்க உதவும் அசெற்றோனில் சில நிமிடம் தோய்த்தால் அது இளகி, நகத்தால் உரிக்க வரும். அசெற்றோன் நைலோனைக் கரைக்காது; ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆதலின் விளக்கும் அடுப்பும் அருகில் இருத்தலாகாது. வெளிவந்த பின்னலை ஊசியாற் கோதிப் பஞ்சுபோல் விரித்து, இரு முனைகளின் இழைகளையும் ஒன்றனுள் ஒன்று புகுமாறு கலந்து, மெல்லிய வலிய நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, நெகிழ்வான பசையைப் பூசுவர். நன்கு அமைந்தால் பொருத்தின் தடிப்புக் கயிற்றின் தடிப்பை மிஞ்சாது.

இரண்டாவது முறை இதனினும் எளிது. உள்ளே வெறுமையான நைலோன் பின்னற்குழல் ஒன்றை எடுத்து, அறுந்த முனைகளை இருபுறமிருந்தும் செலுத்தி, நடுவிற் சந்திக்கச் செய்வர். ஒவ்வொரு புறமும் நான்கைந்து சென்ரிமீற்றர் உள்ளே செல்லுதல் வேண்டும். அவ்வகைப் பின்னலை அமுக்கினால் அகலும், இழுத்தால் ஒடுங்கும். ஆகவே மீன் எவ்வளவு வலிந்து இழுக்கின்றதோ, அவ்வளவிற்குப் பிடியும் இறுகும். குழலின் இரு வாய்களையும் நூலாற் கட்டி ஒரு துளி பசையிட்டால், அவை உரிந்து பின்னோக்கி நழுவமாட்டா. இப்பொருத்துச் சற்றுத் தடித்தது. வளையங்களில் உராயும் ஓசையும் எழும். எனினும் கையில் வேறு கருவிகள் இல்லாத இடத்தில், நீரோரத்திலிருந்தே செய்யக்கூடியது இதுவேயாம்.

பொருத்து எங்கே அமைகின்றது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். கயிற்றின் பின்பாதி பெரும்பாலும் சுருளிலேயே கிடப்பது. அங்குள்ள நல்ல பொருத்தை ஒருவரும் உணரார். பருத்த முன்பகுதியிலோ, வீசும் அலை ஒவ்வொரு முறையும் பொருத்தைக் கடந்து செல்ல வேண்டும். எவ்வளவு திறமையாகச் செய்யினும் அங்கே சிறிது விறைப்பும், சிறிது பாரமும் மிகும். கயிறு அவ்விடத்தில் கீல் வைத்த கதவுபோல் மடியும். அங்கே அறுந்த கயிற்றைப் பழுதுபார்ப்பது ஒரு நாளைக்குத் தோள்கொடுக்குமேயன்றி நெடுநாள் நிலைக்காது. ஆயினும் இருபுறமும் ஒத்த அளவிற் கூம்பிய கயிற்றை உடையவர் ஒரு வகையிற் பேறு பெற்றவர். அவர் கயிறு முழுவதையும் சுருளிலிருந்து கழற்றி, முன்பின்னாக மாற்றிச் சுற்றினால், இதுகாறும் வெயிலும் நீரும் படாது உள்ளே கிடந்த மறுபாதி புதிய கயிறாகவே வெளிவரும். சிக்கனம் பேணிய பழந்தலைமுறையினர் இவ்வகைக் கயிற்றை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். முன்பகுதி மட்டும் பருத்த கயிற்றுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

எம்முறையாற் செய்த பழுதுநீக்கமும் சோதனையின்றி ஆற்றைக் காணலாகாது. சோதனை மூன்று. முதலாவது, பொருத்தை விரலிற் சுற்றிப் பார்த்தல். வளைவு வட்டமாய் இருத்தல் வேண்டும், மூலை தோன்றலாகாது. இரண்டாவது, கோலின் வளையங்கள் எல்லாவற்றினூடும் அதனை முன்னும் பின்னும் இழுத்தல். எங்கும் தடை தோன்றலாகாது. மூன்றாவதே முதன்மையானது. கயிற்றின் ஒரு பக்கத்தை விற்றராசின் கொளுக்கியிற் சுற்றிப் பிணைத்து, மறுபக்கத்தைக் கையிற் சுற்றிக்கொண்டு இழுத்தல். கட்டவிருக்கும் நுனியிழை 2 கிலோகிராம் தாங்குவதாயின், பொருத்து அதன் இருமடங்கையேனும் தாங்குதல் வேண்டும். மேற்கூறிய ஒழுங்கு, அதாவது மெல்லியதே முதலில் அறும் என்னும் ஒழுங்கு, அப்போதுதான் காக்கப்படும். முழுநாளும் நனைந்தபின் மீண்டும் ஒருமுறை இதனைச் செய்துபார்த்தல் நன்று. உலர்ந்தபோது பிடித்த பசை நனைந்தபோது விடுதலும் உண்டு.

பட்டுக்கயிற்றை இன்றும் விரும்பிக் கையாளுவோர் உளர். அதன் நோய் வேறு. பழைய எண்ணெய்ப் பூச்சுக் காலப்போக்கில் பிசுபிசுத்து ஒட்டத் தொடங்கினால், சலவைச் சோடாக் கரைசலில் அப்பூச்சைக் களைந்து, நன்கு அலசி உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயைப் புதிதாக ஊட்டி, பல நாள் நிழலிற் காயவிட்டால் கயிறு மீண்டும் உயிர்பெறும். ஆனால் பட்டே இற்றுப்போயிருப்பின் எந்த எண்ணெயும் பயன்தராது. சாணளவு துண்டை இழுத்துப் பார்த்தால் அது பழைய சேலைக்கரைபோல் நைந்து பிரியும்.

பழுதுநீக்கத்தின் முடிவான பாடமும் இதுவேயாம். ஓரிடத்திற் பட்ட காயத்தை ஆற்றலாம். உடல் முழுவதும் வந்த முதுமையை ஆற்ற முடியாது. கயிற்றை எங்கே வளைத்தாலும் நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் தோன்றுமாயின், தோலின் நெய்மம் வற்றிவிட்டது. அங்கே ஒரு பிளவை மூடுவதற்குள் ஒன்பது பிளவுகள் திறக்கும். அதனை மீன்பிடிக்கப் பயன்படுத்தாது விடுதலே முறை. அவ்வாறு விடப்பட்ட கயிற்றையும், பழுதுபார்க்கும்போது நறுக்கிய துண்டுகளையும் ஓடைக்கரையில் எறிதல் தகாது. பட்டும் குதிரைமயிரும் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் அவ்வாறு மறைவதில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் தரும் ஹோட்டன் சமவெளியில் ஒருவர் விட்டெறிந்த முழ நீளக் கயிறு, யார் காலிற் சுற்றும், எப்பறவையின் கழுத்தில் விழும் என்று அவர் அறியார்.

கயிற்றைப் பழுதுபார்ப்பவர் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுகின்றார். விலைமிகுந்த பொருளொன்றை வீணாக்காது காக்கின்றார். அது நல்லதே. ஆயினும் அவர் பொருத்தை இழுத்துச் சோதிக்கும் அந்தச் சில நொடிகளே அம்மாலையின் பெறுமதி வாய்ந்த பகுதி. பொருத்தின் மேற்பூச்சு எவ்வளவு ஒளிர்ந்தாலும் கோலேந்தியவரையே மகிழ்விக்கும். அதன் உள்வலு, நீருக்கடியில் மறுமுனையில் இழுக்கும் உயிருக்கும் உரியது.